அடுக்களையும் ஆரோக்கியமும்: அடுப்பில் கோளாறு இல்லை

பெருங்களத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வயது முப்பத்திரண்டு, இரண்டு குழந்தைகள். "மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் கை கால் ஓய்ந்து போகிறது, கண்ணைச் சொருகுகிறது. உடம்பில் சக்தியே இல்லை. என்ன சத்து மாவு, என்ன பானம் குடித்தால் தெம்பு வரும் என்று உங்கள் பகுதியில் எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்.

கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்கு அந்தச் சகோதரி மன்னிக்க வேண்டும். நானும் வழக்கம்போலக் கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு சத்து மாவுக் குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்குள் எங்கள் வீட்டிலேயே ஒரு சமாசாரம் நடந்துவிட்டது. குறிப்பைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இது.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு சங்கத்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார்கள். மறுநாள் சீட்டு வந்தது. எனக்கு வயது ஐம்பத்தொன்று. என் அம்மாவுக்கு நாற்பத்தெட்டிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அதனால் பயந்து பயந்துதான் சீட்டைப் பிரித்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று இருந்தது. சர்க்கரை நோய் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வந்த சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே நெய் விட்டுக் கேசரி கிளறினேன். சிரிக்காதீர்கள், உண்மை.

அந்தக் கேசரியைச் சாப்பிட வந்தவர் சேலையூர் சித்தப்பா. கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சீட்டை வாங்கிப் பார்த்தார். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கு ஒண்ணுமில்லேன்னு யாரும்மா சொன்னது?"

"சர்க்கரை வியாதின்னா 126-க்கு மேலே போகணுமாமே சித்தப்பா. எனக்கு 108 தானே?"

"அது ஒரு வரி. சீட்டுல அஞ்சு வரி இருக்கு. அஞ்சையும் சேர்த்துப் படி."

படித்தோம். பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இது நம் இந்தியப் பெண்களுக்கான கணக்கு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். எனக்கு முப்பத்தாறு அங்குலம். பிரஷர் 130/85-க்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு 136/86. ரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்கிற கொழுப்பு 150-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 212. நல்ல கொழுப்பு என்று சொல்லும் ஹெச்.டி.எல். பெண்களுக்கு 50-க்குக் குறையக் கூடாது. எனக்கு 39. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தொட்டாலே கணக்கில் சேரும். எனக்கு 108.

இந்த ஐந்தில் எந்த மூன்று இருந்தாலும் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். எனக்கு ஐந்துக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில்கூட நான் முழு மார்க் வாங்கியதில்லை!

இது ஒரு தனி வியாதி அல்ல. சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரப்போகிற வீட்டின் வாசலில் போட்ட கோலம் மாதிரி. அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் என்ற டாக்டர்தான் 1988-ல் இவையெல்லாம் ஒரே ஆளிடம் கூட்டமாக வருவது தற்செயல் இல்லை, அடியில் ஒரே காரணம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரும் வைத்தார். இடுப்பளவு பின்னால் சேர்ந்துகொண்டது. அந்த ஒரே காரணம் என்ன என்று கேட்டதற்குத்தான் சித்தப்பா என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனார்.

"இந்த ஸ்டவ்வைப் பார். நீ சமைக்கிறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதானே எரியுது? சிலிண்டர் ரொம்பி இருக்குன்னு தீ தானா அதிகமா எரியுமா?"

நம் உடம்பில் கோடானுகோடி செல்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா வகைச் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி அடுப்புகள். லிவர் செல் ஒன்றுக்குள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்குமாம். நாம் சாப்பிடுகிற சோறு குளுக்கோஸ் ஆகி, இரண்டாக உடைந்து, இந்த அடுப்புக்குள் போய், நாம் சுவாசிக்கிற பிராணவாயுவோடு சேர்ந்து எரிகிறது. (உள்ளே நுழைவதற்கு வைட்டமின் பி1 உதவி வேண்டும். அது தவிட்டில் இருக்கிறது. மில்லில் தீட்டும்போது போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில் கொஞ்சம் மிஞ்சும்.) எரிந்து வருகிற சக்தியை உடம்பு ஏடிபி என்ற ஒரு பொருளாகக் கட்டிக் கொடுக்கிறது. கையைத் தூக்க, கண்ணை இமைக்க, இதயம் துடிக்க எல்லாவற்றுக்கும் இந்தச் சில்லறைதான் செலவாக வேண்டும்.

சென்னைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இந்த ஏடிபி-யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்று பெயர். 1895-ல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தவர். காந்திஜி சொன்னார் என்று கதர்த் துணியில் அங்கி போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனதற்காக முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1929-ல் இதைத் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் 1948-ல் நியூயார்க்கில் காலமானார். நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏடிபி-யைச் சேர்த்து வைக்க முடியாது. அன்றன்றைக்கு, அந்தந்த நிமிஷத்துக்குச் செய்து அப்போதே செலவழிக்கிற சமாசாரம். ஒரு நாள் முழுக்க உடம்பு செய்து செய்து செலவழிப்பதை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடம்பின் எடை அளவுக்கே வருமாம். ஆனால் கையிருப்பு எப்போதுமே கொஞ்சம்தான். செலவு இருந்தால்தான் உற்பத்தி. நான் நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது அடுப்பு சிம்மில்தான் எரியும். தட்டில் எத்தனை கரண்டி சோறு போட்டாலும் தீ கூடாது.

அப்படியானால் மீதிச் சோறு எங்கே போகிறது?

முதலில் கொஞ்சத்தைத் தசையிலும் லிவரிலும் கிளைகோஜன் என்று மாவாக்கி வைத்துக்கொள்ளும். லிவரில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம். அவ்வளவுதான் நம் அரிசிப் பானை. நடந்து, குனிந்து, நிமிர்ந்து செலவழித்தால்தான் பானையில் இடம் வரும். பானை நிரம்பியிருக்கும்போதே அடுத்த வேளை வந்துவிட்டால் அதிகப்படியில் ஒரு பங்கை லிவர் கொழுப்பாக மாற்றுகிறது. அந்த நேரத்தில் ஏற்கெனவே இருக்கிற கொழுப்பும் எரிவதில்லை. சர்க்கரை வரிசையில் நிற்கும்போது கொழுப்பின் முறை வராது. இன்சுலினே அதைத் தடுத்து வைக்கும்.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பரண் நிரம்பி, அலமாரி நிரம்பி, மூட்டைகள் ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கும். நடக்க வழி இருக்காது. அதேதான். தோலுக்கு அடியில் இருக்கிற பரண் போதாமல் போனால் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் லிவரிலும் தசைக்குள்ளும் வந்து குந்திக்கொள்கிறது. லிவர் தன்னால் வைத்துக்கொள்ள முடியாததை மூட்டை கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. என் சீட்டில் 212 என்று வந்த ட்ரைகிளிசரைட் அதுதான். நான் எண்ணெயைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் அது ஏன் இறங்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதில் ஒரு பங்கு எண்ணெயிலிருந்து வரவில்லை, சோற்றிலிருந்து வந்திருக்கிறது!

இன்னொன்று. "ராத்திரி ரெண்டே இட்லிதான் சாப்பிட்டேன், காலையில் வெறும் வயிற்றில் எப்படி சர்க்கரை ஏறும்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ராத்திரி நாம் தூங்கும்போது மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே என்று லிவர் தானே கொஞ்சம் செய்து ரத்தத்தில் விடும். 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின் வேலை. கொழுப்பு அடைந்துபோன லிவருக்கு அந்தக் குரல் சரியாகக் காது கேட்பதில்லை. அது பாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கும். கணையமும் விடாமல் இன்னும் இன்னும் இன்சுலினைக் கொட்டி உரக்கக் கத்தும். பல வருஷம் இப்படியே ஓடும். கத்திக் கத்தி அது களைக்கிற அன்றைக்குத்தான் டாக்டர் 'உங்களுக்குச் சர்க்கரை' என்கிறார்.

இதெல்லாம் சித்தப்பா சொன்னபோது, சரி, எனக்கு வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். என்னை உலுக்கியது அந்த வாரம் புதன்கிழமை.

என் பெண் குரோம்பேட்டையில் இருக்கிறாள். தலைப் பிரசவம். மசக்கை தெளிந்த நாளிலிருந்து தினமும் கேரியரில் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. சோறு ஒரு அடுக்கு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பாயசமோ பால் பணியாரமோ ஒரு இனிப்பு. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்டி" என்று என் மாமியார் சொல்லுவார், நானும் போட்டுக் கட்டுவேன். ஏழாம் மாத ஆரம்பத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டும். 152 வந்தது.

போனில் அழுதாள். "அம்மா, பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

நான் என்ன சொல்வது? மூன்று மாதமாகக் கேரியர் கட்டிய கை இந்தக் கைதானே. (என்னால் மட்டும் வந்ததில்லை, கர்ப்பத்தில் சுரக்கிற ஹார்மோன்களே இன்சுலினைக் கொஞ்சம் தடுக்கும், பாட்டி வழியும் இருக்கிறது என்று டாக்டரம்மா பிறகு சமாதானம் சொன்னார்.) அம்மாவின் ரத்தத்திலிருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. குழந்தை தன் குட்டிக் கணையத்திலேயே அதிகமாக இன்சுலின் சுரந்து, அதிகமாகக் கொழுப்புச் சேர்த்து, பெரிசாக வளரும். பிரசவம் கஷ்டமாகும். பின்னாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் சர்க்கரை வர வாய்ப்பு கூடும். வயிற்றிலிருக்கும்போதே பரணில் மூட்டை ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2007-லேயே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். 'எங்க வீட்டுல யாருக்கும் இல்லை' என்று யாரும் தட்டிக் கழிக்காதீர்கள்.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சண்டையே போட்டேன். "நம்ம ரத்தத்திலேயே அடுப்பு மட்டமா சித்தப்பா? வெள்ளைக்காரன் எவ்வளவோ சாப்பிடறான், அவனுக்கு இல்லையே?"

அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. 2008-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் இதையே சோதித்துப் பார்த்தார்களாம். அங்கே இருக்கிற இந்தியர்களின் தசையையும் வட ஐரோப்பிய வம்சத்தாரின் தசையையும் எடுத்து, ஏடிபி செய்கிற திறமையை அளந்தார்கள். இந்தியர்களின் அடுப்பு மட்டமில்லை. திறமை கூடுதலாகவே இருந்தது! அப்படி இருந்தும் அவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை.

"அடுப்புல கோளாறு இல்லேம்மா. வேலை கொடுக்காம விறகை மட்டும் தள்றோம். நம்ம உடம்புல பரண் வேற சின்னது."

பரண் சின்னது என்பதற்கு ஒரு வேடிக்கையான போட்டோ உண்டு. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம், 2004-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. பார்த்தால் இருவருமே ஒல்லி. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! என் நாத்தனார் தென்னங்குச்சி மாதிரி இருப்பாள். "நான் ஒல்லி, எனக்கு எதுக்கு டெஸ்ட்" என்பாள். படத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் இடுப்பை அளக்கச் சம்மதித்தாள். முப்பத்து மூன்று அங்குலம். கையும் காலும்தான் குச்சி.

இனி நம் சோற்றுக் கணக்கு. நம் சென்னையிலேயே 2001-ல் தொடங்கி, டாக்டர் வி. மோகன் குழுவினர் 26,001 பேரை வீடு வீடாகப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். க்யூர்ஸ் என்று பெயர். அதில் 2,042 பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விவரமாகக் கேட்டு 2009-ல் எழுதினார்கள். சராசரியாக ஒருவர் ஒரு நாளில் சாப்பிடுவது 333 கிராம் தீட்டிய தானியம். ஒரு நாளின் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி, 46.9 சதவீதம், அதிலிருந்து மட்டும்! அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி. அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் மெட்டபாலிக் சிண்ட்ரோம் பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது.

நம்பாமல் என் தராசை எடுத்தேன். காலை நான்கு இட்லிக்கு உண்டான அரிசி, மத்தியானச் சோறு, சாயங்காலம் முறுக்கோ பஜ்ஜியோ, ராத்திரி மூன்று தோசை. எல்லாவற்றையும் அரிசியாகவும் மாவாகவும் நிறுத்துப் பார்த்தால் முந்நூறைத் தாண்டியது. மத்தியானத் தட்டில் சோறு குன்று, பொரியல் ஒரு ஸ்பூன். பருப்பு? சாம்பாரில் தேட வேண்டும்.

என் மாமியார் விடவில்லை. "நாங்கள்லாம் இதுக்கு மேலே சாப்பிட்டோமே. எங்களுக்கு என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது கிணற்றிலிருந்து முப்பது குடம் இறைப்பாராம். ஆட்டுக்கல், அம்மி, துணி துவைக்கிற கல், தாம்பரம் மார்க்கெட்டுக்கு நடை. அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்திருக்கிறது, விறகு போதாமல்கூட இருந்திருக்கும். இன்று மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, வாஷிங்மெஷின், காய்கறி வாசலுக்கே வருகிறது. எல்லா வேலையும் குறைந்தது, சோற்று அளவு மட்டும் குறையவில்லை. அதற்காக ஆட்டுக்கல்லுக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் எழுத மாட்டேன். அந்தக் காலத்துப் பெண்களின் முதுகும் முழங்காலும் என்ன பாடுபட்டன என்று எனக்குத் தெரியும். 'அந்தக் காலத்துப் பாட்டி' பற்றி உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு குடம் தண்ணீர் இறைத்திருக்க மாட்டார்கள்.

முதல் வாரம் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி தோசையை நிறுத்திச் சப்பாத்தி ஆக்கினேன். நான்கு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. மனதில் பெரிய பத்தியம் இருப்பதாக எண்ணம். சித்தப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். நாடு முழுக்க நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் 2025-ல் இதைத்தான் சொன்னார்களாம். நம் நாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவும் சிறுதானிய மாவும் அதே அளவு போட்டால் பெரிய லாபமில்லை. மொத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் மாதிரிப் புரதத்தை வைத்தால்தான் பலன் தெரிகிறது. கலோரியில் 5 சதவீதம் மாற்றினாலே வித்தியாசம் உண்டாம். நான் கிழித்துப் போட்ட சத்து மாவும் இந்தக் கணக்கில்தான் விழுந்தது. கேழ்வரகு கெட்டதில்லை, சோற்றுக்கு மேலே இன்னொரு டம்ளர் கஞ்சியாக வந்தால் அதுவும் விறகுதான்.

பிறகு நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். சோற்றுக் கரண்டியை மாற்றி ஒரு கப் வைத்தேன். மத்தியானம் ஒரு கப் சோறு, அதற்கு மேல் இல்லை. தட்டில் பாதி காய்: கீரை, புடலை, அவரை, கோஸ், எது மலிவோ அது. கால் பங்கு கெட்டியான பருப்புக் கூட்டு, சுண்டல், முட்டை அல்லது மீன். சாம்பாரில் பருப்பை இரண்டு மடங்கு ஆக்கினேன். சாயங்காலம் முறுக்குக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஒரு கிண்ணம். காய் முதலில், சோறு பிறகு. சாப்பிட்டுக் கை கழுவினதும் படுப்பதில்லை. மொட்டை மாடிப் படி, வராந்தா, ஹால் என்று பத்து நிமிஷம் நடை. வேலை செய்கிற தசை இன்சுலினைக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரை செய்கிற வேலையில் ஒரு பங்கைக் கால் செய்துவிடுகிறது. சாயங்காலம் ஏரிக்கரையில் அரை மணி நேரம்.

இவருக்குத்தான் கோபம். "அளந்து போடறதுக்கு இது என்ன ரேஷன் கடையா?" என்றார். மூன்றாம் நாள் ராத்திரி பசிக்கிறது என்று பிஸ்கட் டப்பாவை உருட்டினார். பிறகு கூட்டை இரண்டு கரண்டியாக்கினதும் சத்தம் நின்றது. பசி சோறு குறைந்ததால் இல்லை, புரதம் இல்லாததால்தான் என்பது என் அனுபவம்.

நடையும் அளவும் போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினம் அரை மணி நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 பேருக்கு வந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை, பாருங்கள். ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒருத்தியாக இருக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்காதீர்கள். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லி, மருந்தையும் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் பட்டினி கிடக்கவே கூடாது.

என் பெண்ணை வளைகாப்பு முடிந்ததும் இங்கே அழைத்து வந்துவிட்டேன். வளைகாப்புக்கு எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று எல்லா சாதமும் உண்டு. சர்க்கரைப் பொங்கல் மட்டும் வந்தவர்களுக்கு. அவளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன், கூடவே பெரிய கிண்ணத்தில் சுண்டல். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அவளுக்கு மூன்று பெரிய சாப்பாடு கிடையாது; டாக்டரம்மா சொன்னபடி ஆறு சின்னச் சாப்பாடு. சின்ன மெஷினில் விரலைக் குத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். மூன்று இட்லியும் சட்னியும் சாப்பிட்ட அன்று ஒரு எண், இரண்டு இட்லியும் முட்டையும் கெட்டிச் சாம்பாரும் சாப்பிட்ட அன்று வேறு எண். நான் மணிக்கணக்காகச் சொன்னால் கேட்காதவள் அந்த நோட்டைப் பார்த்துக் கேட்கிறாள். இதுவரை இன்சுலின் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசவமாகி ஆறு வாரத்தில் இவளுக்குத் திரும்பவும் சோதனை. அதை யாரும் மறந்துவிடுகிறார்கள், குழந்தை வந்த கூத்தில்.

பத்து வாரம் கழித்து என் சீட்டு மறுபடி வந்தது. ட்ரைகிளிசரைட் 158. சர்க்கரை 101. பிரஷர் 130/84. ஹெச்.டி.எல். 41, அது அசைந்தே கொடுக்கவில்லை. இடுப்பு ஒரே ஒரு அங்குலம் குறைந்தது. சித்தப்பா காட்டிய ஐந்து வரியும் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான், அல்லது கோட்டின் மேலேயே. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார். கேசரி கிளறவில்லை.

பெருங்களத்தூர் சகோதரிக்கு: மத்தியானம் உங்களுக்கு வருகிற அசதிக்கு நூறு காரணம் இருக்கலாம். இரண்டு குழந்தைகளோடு தூக்கமில்லாமல் இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். ஆகவே டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள். சத்து பான டப்பா மட்டும் இப்போது வேண்டாம், அதிலும் பெரும்பாலும் சர்க்கரைதான். பத்து நாளைக்குச் சோற்றை ஒரு கப் ஆக்கி, பருப்பையும் காயையும் கூட்டி, சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். தையல் மெஷின் டிராயரில் டேப் இருக்கும். தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து எனக்கு எழுதுங்கள். முப்பத்தொன்றரையா, அதற்கு மேலா?

என் பெண்ணுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த இதழில் சுண்டல் வகைகள் எழுதலாம் என்றிருக்கிறேன், வீட்டில் அதற்குள் தொட்டில் கட்டாமல் இருந்தால்.